கடிகாரம் திரட்டிய சர் டேவிட் சாலமன்ஸ்

தொழிலாளி ஒருவன் செய்த பொருள் அவன் ஆயுளுக்குப் பின் யார் கையில், எவ்வளவு காலம் நிலைக்கின்றது என்பது, கைத்தொழிலையே குலதனமாகக் கொண்ட நம் விசுவகர்ம சமூகத்தார் அனைவரும் ஊன்றிச் சிந்திக்கத்தக்க விஷயமாகும். ஆலயங்களிற் கல்லும் செம்பும் ஆயிரம் ஆண்டு நிற்கின்றன. செய்தவன் பெயரோ நிற்பதில்லை. இல்லங்களிற் பொன்னும் வெள்ளியும் இருக்கின்றன. ஆயினும் பாட்டிக்குச் செய்த நகையைப் பேத்தி அழித்து வேறு பண்ணிக்கொள்ளுகின்றாள். முன்னதில் பெயர் போகின்றது. பின்னதில் பொருளே போகின்றது. இவ்விரண்டு நஷ்டத்திற்கும் தம்மாலியன்ற பரிகாரம் தேடிய ஒருவருடைய வாழ்க்கையை இம்மாதம் நம் குலத்தாருக்கு எடுத்துரைக்கக் கருதினோம்.

அவர் நம் தேசத்தவரல்லர், நம் குலத்தவருமல்லர். உலையூதி வயிறு வளர்த்தவருமல்லர். இங்கிலாந்தில் யூத வகுப்பிற் பிறந்து, பெருஞ்செல்வத்திற்கு உரிமை பூண்டு, மின்சாரத்தினாலும் மோட்டார் வண்டியினாலும் தம் காலத்திற் பேர் விளங்கிய சர் டேவிட் லயனல் சாலமன்ஸ் என்பவரே அவர். எனினும் தமக்கு நூறாண்டுக்கு முன் வாழ்ந்த ஒரு கடிகாரத் தொழிலாளியின் கைவேலையை நாடெங்கும் தேடித் திரட்டி, அவன் பெயரை உலகம் மறவாதபடி செய்தமையால், அவர் தொழிலாளர் குலம் முழுவதற்கும் உறவினராகின்றார்.

பிறப்பும் வளர்ப்பும்

சாலமன்ஸ் 1851ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பிலிப் சாலமன்ஸ், தாயார் எம்மா. இளமையிலேயே தாயையும், 1867இல் தந்தையையும் இழந்தார். அதன்பின் அவரைத் தாங்கி வளர்த்தவர் அவருடைய தந்தையாரின் உடன்பிறந்தாரான சர் டேவிட் சாலமன்ஸ் என்னும் முதியவர். இருவர் பெயரும் ஒன்றாயிருத்தலின், முன்னவரை முதிய டேவிட் என்றும், நம் சரித்திர நாயகரைச் சாலமன்ஸ் என்றும் இங்கே குறிப்பிடுவோம்.

முதிய டேவிட்டின் வரலாறு சிறு வகுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியதொன்று. அக்காலத்து இங்கிலாந்தில் யூதர் வாணிகத்திற் செழித்திருந்தும், பொதுப் பதவிகளில் அமர இயலாதவராயிருந்தனர். பார்லிமெண்டில் அமர்வோர் கிறிஸ்து சமயத்தின்மேல் ஆணையிட வேண்டுமென்பது அந்நாளைய விதி. 1851ஆம் ஆண்டு கிரீனிச் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட முதிய டேவிட், தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாத அச்சொற்களை விடுத்து ஏனையவற்றை மட்டுஞ் சொல்லி ஆணையிட்டுச் சபையில் அமர்ந்தார்; பேசினார்; வாக்கும் அளித்தார். அதற்காக 500 பவுன் அபராதம் விதிக்கப்பெற்றார். அவர் மனந்தளரவில்லை. 1855இல் லண்டன் மாநகரின் லார்டு மேயர் பதவியை எய்திய முதல் யூதர் அவரே. 1858இல் சட்டம் திருந்திற்று. 1859இல் அதே கிரீனிச் தொகுதியிலிருந்து மீண்டும் தேர்வுற்று, தலை நிமிர்ந்து சபை புகுந்தார். நம் சாலமன்ஸ் பிறந்த ஆண்டும் அபராத ஆண்டும் ஒன்றாயமைந்தது கருதத்தக்கது. தன்மதிப்பையும் பொறுமையையும் ஒருங்கே கற்பித்த இல்லத்தில் அச்சிறுவர் வளர்ந்தார்.

1873இல் முதிய டேவிட் காலஞ்சென்றார். அவருக்கு மக்கட்பேறு இன்மையால், கென்ட் மாகாணத்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகருக்கு அருகேயுள்ள புரூம்ஹில் என்னும் மாளிகையும், பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டமும் சாலமன்ஸுக்கு வந்தன. அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் இயற்கைச் சாஸ்திரம் பயின்றவர். பின்பு பாரிஸ்டராகவும் தேர்ந்தார். 1882இல் லாரா என்னும் மங்கையை மணந்து, ஒரு மகனையும் மகள்களையும் பெற்றார்.

பட்டறை கண்ட பிரபு

செல்வமும் பட்டமும் இளமையும் ஒருங்கே வாய்த்தவர்கள் பெரும்பாலும் வேட்டையிலும் சூதிலும் நாள் கழிப்பது அந்நாட்டு வழக்கம். சாலமன்ஸோ தம் மாளிகையில் பட்டறை அமைத்தார். கடைசற் பொறிகளும் கருவிகளும் நிறைந்த அப்பட்டறையில் தாமே சட்டையைச் சுருட்டிக்கொண்டு வேலை செய்தார். 1874 முதலே மின்விளக்குப் பரிசோதனைகளிற் புகுந்து, இங்கிலாந்தில் இல்லங்களுக்கு மின்சாரம் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவரானார். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெட்டிகளைப் பராமரிக்கும் முறைபற்றி அவர் எழுதிய நூல் தொழிலறிஞரால் விரும்பிப் படிக்கப்பெற்றது. மாளிகையோடு சேர்த்து விஞ்ஞான அரங்கு ஒன்றையும் கட்டினார். அதில் தானே இசைக்கும் பெரிய வெல்ட்டி ஆர்கன் வாத்தியத்தையும் நிறுவினார்.

1894இல் டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரின் மேயரானார். அக்காலத்து இங்கிலாந்தில் குதிரையின்றி ஓடும் வண்டிக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், ஊருக்குள் 2 மைலுமே வேகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. வண்டிக்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்லவும் வேண்டியிருந்தது. பிரெஞ்சு தேசத்தில் மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கையில், தம் நாடு இவ்வாறு பின்தங்கியிருத்தல் சாலமன்ஸுக்குப் பொறுக்கவில்லை. 1895ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தம் ஊரிலேயே குதிரையில்லா வண்டிகளின் காட்சி ஒன்றை நடத்தினார். இங்கிலாந்தில் நடந்த முதல் மோட்டார்க் காட்சி இதுவே. வந்த வண்டிகள் சிலவே. காண வந்த ஜனங்களோ ஆயிரக்கணக்கினர். அவரும் அவரை ஒத்த பிறரும் விடாது முயன்றமையால், மறு ஆண்டே, 1896இல், பழைய தடைகளை நீக்கிப் புதுச் சட்டம் பிறந்தது.

வருங்காலத்தின்மேல் இத்துணை வேட்கை கொண்ட ஒருவர், இறந்தகாலத்தின் பொருள்களைத் தேடுவாரென்று எவரும் எதிர்பாரார். எனினும் இவ்விரண்டிற்கும் வேர் ஒன்றேயென்பது நம் கருத்து. பொறியின் உள்ளத்தை அறிந்தவனே பொறியைச் செய்தவனுடைய உள்ளத்தையும் அறிவான்.

பிரெகே என்னும் தொழிலாளி

சாலமன்ஸின் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஆபிரகாம் லூயி பிரெகே. 1747இல் சுவிட்ஸர்லாந்தில் நோஷாத்தெல் என்னும் ஊரிற் பிறந்து, சிறுவயதிலே தொழில் பழகப் பிரெஞ்சு தேசம் சென்று, 1775இல் பாரிஸ் நகரில் சொந்தக் கடை வைத்தவர். அக்காலத்துப் பைக்கடிகாரங்கள் நாடோறும் சாவி கொடுக்க வேண்டியவை. கீழே விழுந்தால் உடைபவை. நிறுத்தி வைத்தால் ஒருவிதமாகவும், படுக்க வைத்தால் வேறுவிதமாகவும் ஓடுபவை. இக்குற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் களைந்தவர் பிரெகே.

சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கும் அசைவினாலேயே உள்ளிருக்கும் எடைக்கட்டி ஆடி ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும் கடிகாரத்தைச் செம்மைப்படுத்தினார். கீழே விழுந்தாலும் பாலன்ஸ் சக்கரத்தின் நுண்ணிய அச்சு முறியாதபடி, அதன் முனைகளை வளைந்து கொடுக்கும் மெல்லிய வில்லின்மேல் தாங்கவைத்தார். இருளில் விசையை அழுத்தினால் மணியும் நிமிஷமும் ஒலிக்கும் கடிகாரங்களில், பருத்த மணிக்குப் பதிலாக மெல்லிய கம்பிச் சுருளைப் பொருத்திக் கடிகாரத்தின் கனத்தைக் குறைத்தார். 1801இல் அவர் உரிமை பெற்ற டூர்பியான் என்னும் அமைப்பு யாவற்றினும் வியக்கத்தக்கது. பூமியின் ஈர்ப்பினால் பாலன்ஸ் சக்கரத்திற் பிழை விளைகின்றது. அப்பிழையை ஒழிக்க இயலாதென்று கண்ட பிரெகே, பாலன்ஸையும் அதைச் சார்ந்த உறுப்புக்களையும் ஒரு சிறு கூண்டில் அமைத்து, அக்கூண்டே இடையறாது சுழலுமாறு செய்தார். ஒரு நிலையில் முந்தும் கடிகாரம் மறு நிலையிற் பிந்தும். சுழற்சி முடிகையில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். குற்றத்தைக் குற்றத்தினாலேயே தீர்த்த இவ்வுபாயம் தொழில் நுட்பத்தின் சிகரம் எனலாம்.

அவர் புகழ் பரவப் பரவப் போலிகளும் பரவின. பிறர் செய்த மட்டமான கடிகாரங்களில் அவர் பெயரைப் பொறித்து விற்றனர். அதனைத் தடுக்கப் பிரெகே, டயலின்மேல் கண்ணுக்கு எளிதிற் புலனாகாதவாறு, சாய்ந்த ஒளியில் மட்டுமே தெரியும்படி தம் கையொப்பத்தை மிக நுண்ணிதாய்ப் பொறிக்கச் செய்தார். மேலும் விற்ற கடிகாரம் ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, வாங்கினவர் பெயரும் விலையும் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தார். இக்கணக்கேடுகளின் பயனைப் பின்னர்க் காண்போம். 1823ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் பிரெகே காலமானார்.

அரசியின் கடிகாரம்

பிரெகே தொடங்கி முடிக்காமற் போன வேலை ஒன்று உண்டு. 1783இல் பிரெஞ்சு அரசி மாரி அந்துவானெத்தின் காவற்படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவர், அரசிக்குரியதாக ஒரு கடிகாரம் வேண்டுமென்று கேட்டார். அக்காலத்தில் அறியப்பட்ட நுட்பங்கள் அனைத்தும் அதில் அமைய வேண்டும். கூடுமான இடங்களிலெல்லாம் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகப் பொன்னையே கையாள வேண்டும். விலைக்கும் எல்லையில்லை, காலத்திற்கும் எல்லையில்லை என்பவை நிபந்தனைகள்.

160 என்னும் எண் பெற்ற அக்கடிகாரத்தில் 823 உறுப்புக்கள் உள்ளன. அதன் குறுக்களவு 63 மில்லிமீட்டரே. நம் பெண்டிர் கைக்கொள்ளும் குங்குமச் சிமிழினும் சிறிது பெரிது, அவ்வளவே. அதற்குள் தானே முறுக்கிக்கொள்ளும் அமைப்பும், மணியும் நிமிஷமும் ஒலிக்கும் அமைப்பும், மாதங்களின் நாட்குறைவையும் லீப் வருஷத்தையும் தானே அறிந்து திருத்திக்கொள்ளும் பஞ்சாங்கமும், வெப்பமானியும் அடங்கியிருக்கின்றன. சூரியன் காட்டும் நேரத்திற்கும் கடிகாரம் காட்டும் நேரத்திற்கும் உள்ள வேற்றுமையைக் காட்டும் முள்ளும் உண்டு. நிழலளந்து நாழிகை கண்ட நம் முன்னோர் அறிந்தபடி, சூரியனுடைய உச்சிவேளை எல்லா நாளிலும் ஒரே கணக்கில் வருவதில்லை. ஆண்டில் நான்கு நாட்களில் மட்டுமே சூரியனும் கடிகாரமும் ஒத்துநிற்கும். மற்ற நாட்களில் ஏறக்குறைய 16 நிமிஷம் வரையிலும் முந்தியோ பிந்தியோ நிற்கும். இவ்விரு காலங்களையும் ஒரே டயலிற் காட்டும் அக்கடிகாரத்தின் முகம் பளிங்கினால் ஆயது. உள்ளே சக்கரங்கள் சுழல்வதைக் கண்ணாரக் காணலாம்.

வேலை நடந்துகொண்டேயிருந்தது. 1789இல் புரட்சி எழுந்தது. 1793இல் பிரெகே பாரிஸை விட்டுச் சுவிட்ஸர்லாந்து சென்று, 1795இலேயே திரும்பினார். அதற்குள், 1793 அக்டோபர் 16ஆம் நாள், அரசியின் தலை வெட்டுண்டது. யாருக்காகக் கடிகாரம் தொடங்கப்பட்டதோ அவர் இல்லை. பின்பு 1823இல் தொடங்கிய தொழிலாளியும் மறைந்தார். அவர் மகனுடைய மேற்பார்வையில் அப்பட்டறையார் அதனை 1827இல் முடித்தனர். தொடங்கி 44 ஆண்டு. அரசி மாண்டு 34 ஆண்டு. பிரெகே மாண்டு 4 ஆண்டு. பெற வேண்டியவர் இல்லை, பாராட்ட வேண்டியவர் இல்லை, என்றாலும் ஏற்ற வேலையை முடித்தேயாக வேண்டுமென்று அப்பட்டறையார் கருதினரே, அதனையே தொழில் தருமம் என்கின்றோம். கோபுரத்தைத் தகப்பன் தொடங்க மகன் முடிப்பது நம் குலத்தில் வழிவழி வந்த வழக்கமாதலின், இதன் அருமையை நாம் நன்கு உணரலாம்.

பின்னர் அக்கடிகாரம் ஒரு பிரெஞ்சுப் பிரபுவின் கைக்குச் சென்றது. 1838இல் அவர் அதனைச் செப்பனிடக் கடைக்கு அனுப்பினார். திரும்பப் பெற வரவேயில்லை. நெடுங்காலம் கடையிலேயே கிடந்து, 1887இல் இங்கிலாந்துக் கனவான் ஒருவருக்கு விற்கப்பட்டது.

தேடித் திரட்டியது

சாலமன்ஸ் பல்லாண்டு முயன்று பிரெகேயின் கைவேலைகளாக 124 கடிகாரங்களைத் திரட்டினார். பொருளுள்ளவர் எவரும் வாங்கலாம். ஆயினும் வாங்குவது வேறு, அறிந்து வாங்குவது வேறு. போலிகள் மலிந்த சந்தையில் உண்மையைப் பிரித்தறிய, உள்ளே திறந்து உறுப்புறுப்பாக நோக்கும் கண் வேண்டும். பட்டறையிற் பழகிய சாலமன்ஸுக்கு அக்கண் இருந்தது.

இவ்வுழைப்பின் நடுவே அவர் வாழ்வில் பேரிடி வீழ்ந்தது. ஒரே மகனான டேவிட் ரெஜினால்டு பொறியாளர் படையிற் காப்டனாக, தம் ஊர்ப்புறத்து இளைஞர்களுடன் முதல் உலக யுத்தத்திற்குச் சென்றார். 1915ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரவு, காலிப்போலிக் கடலில் அவர்கள் ஏறிச்சென்ற ஹைத் என்னும் கப்பல் மற்றொரு கப்பலால் மோதுண்டு சில நிமிஷங்களில் மூழ்கிற்று. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காப்டனும் அவர்களோடு மாண்டார். அவருக்கு முப்பது வயதளவே. பரம்பரைப் பட்டத்தைத் தாங்குதற்கு இனி ஆண் வாரிசு இல்லை. அப்பட்டறையையும் மாளிகையையும் யாருக்காக வளர்த்தாரோ அவர் போய்விட்டார்.

1917இல், யுத்தம் இன்னும் ஓயாத நாளில், அரசியின் கடிகாரம் சாலமன்ஸின் கைக்கு வந்தது. தந்தையின் துயரை நாம் அளவிட முற்படுதல் முறையன்று. எனினும், உரியவர் மாண்ட பின்னும் முடிக்கப்பெற்ற அக்கடிகாரம், மகனை இழந்த அறுபத்தைந்து வயதுப் பெரியவரிடம் வந்து சேர்ந்ததை எண்ணுகையில் நெஞ்சம் நெகிழாதிருக்க முடியுமோ? காலத்தை அளக்கும் கருவி காலத்தை நிறுத்துவதில்லை. சென்ற நாளைத் திருப்பித் தருவதுமில்லை. அக்கருவியே காலத்திற்கு அடிமை. எண்ணெய் உலர்ந்தால் அதுவும் நிற்கும். ஆனால் அறிந்தவர் ஒருவர் திறந்து துடைத்துப் புது எண்ணெயிட்டால், நூறாண்டு உறங்கிய சக்கரமும் மீண்டும் அசையும். மனிதருக்கு வாய்க்காத அப்பாக்கியம் அவன் செய்த பொருளுக்கு வாய்த்திருக்கின்றது.

சாலமன்ஸ் தம் பேழையைப் பூட்டிவைத்து மகிழ்ந்தவரல்லர். 1921இல் பிரெகேயின் வாழ்வையும் வேலைப்பாட்டையும் விளக்கி, படங்கள் நிறைந்த நூலொன்றை வெளியிட்டார். 1923இல் பிரெகே மறைந்த நூற்றாண்டு நிறைவையொட்டிப் பாரிஸில் நடந்த காட்சிக்குத் தம் கடிகாரங்களை அனுப்பினார். எந்நகரில் அவை பிறந்தனவோ அந்நகரத்தாரே அவற்றைக் கண்டு வியந்தனர். 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், தமது 73ஆம் வயதில், சாலமன்ஸ் இறைவனடி சேர்ந்தார். அவரோடு பட்டமும் முடிந்தது.

மகள் செய்த அறம்

திரட்டியவற்றுள் சிறந்த 57ஐத் தம் மகள் வேராவுக்கு அவர் வைத்துச் சென்றார். அப்பெருமாட்டி எருசலேம் நகரில், தம் ஆசிரியரும் எபிரேய சர்வகலாசாலையின் தலைவராயிருந்தவருமான மாயர் என்னும் பேராசிரியரின் நினைவாக இஸ்லாமியக் கலைக்கூடம் ஒன்று நிறுவப் பொருளுதவினார். யூத மாது ஒருத்தி, யூத ஆசிரியர் பெயரால், முஸ்லிம்களின் கலைக்குக் கோயில் எடுப்பித்தது போற்றத்தக்க பெருந்தன்மை. 1974இல் அது திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1969இல், வேரா காலமானார். தந்தையின் கடிகாரங்களும் அங்கேயே வைக்கப்பெற்றன.

1983ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இரவு, தேர்ந்த திருடன் ஒருவன் கம்பியை வளைத்துச் சிறு சாளரத்தின் வழியே உட்புகுந்து, 106 பொருள்களைக் கவர்ந்து சென்றான். அரசியின் கடிகாரமும் போயிற்று. பல தேசத்துப் போலீசாரும் தேடியும் துப்புக் கிடைக்கவில்லை. உலகறிந்த பொருளாதலின் அதனை வெளிப்பட விற்கவும் அவனால் இயலவில்லை. 2004இல் அவன் இறந்தான். சாகுந்தறுவாயில் மனைவியிடம் உண்மை கூறினான். 2006இல் 39 பொருள்கள் கலைக்கூடத்திற்கு மீண்டன. அரசியின் கடிகாரமும் அவற்றுள் ஒன்று. பின்னர்ப் பிரெஞ்சு வங்கிப் பெட்டகங்களிலிருந்தும் பல கிடைத்தன. 106இல் 96 திரும்பின.

கடிகாரம் மறைந்திருந்த காலத்திலே மற்றோர் அற்புதமும் நிகழ்ந்தது. பிரெகேயின் பெயரால் நடந்துவரும் தொழிற்சாலையார், மூலத்தைக் கண்ணாற் காணாமலே, பழைய ஏடுகளையும் வரைபடங்களையும் துணைக்கொண்டு, அதனைப் போலவே மற்றொன்று செய்யத் தொடங்கினர், 2008இல் முடித்தனர். நூற்றெண்பது ஆண்டு கடந்து இது கைகூடியது எதனால்? எழுதி வைத்ததனால், வரைந்து வைத்ததனால், பெயரும் எண்ணும் குறித்து வைத்ததனால் அன்றோ?

நாம் அறிய வேண்டுவது

இச்சரித்திரத்தைப் படித்துவிட்டு, இது செல்வருக்குரிய விளையாட்டு, நமக்கென்ன என்று எவரேனும் சொல்லக்கூடும். நூறு கடிகாரம் வாங்க நம்மில் எத்தனை பேரால் இயலும் என்பது உண்மையே. ஆனால் சாலமன்ஸின் பெருமை பொன் கொடுத்து வாங்கியதில் இல்லை. ஆண்ட அரசர்களின் பெயரையும் அவர்கள் அணிந்த மணிகளின் விலையையும் உலகம் பேசிக்கொண்டிருக்கையில், செய்தவனுடைய பெயரை முதன்மையாக வைத்து அவன் வேலையை அவர் மதித்தார். அதிலேயே பெருமை இருக்கின்றது. அம்மதிப்புக்குப் பொன் வேண்டுவதில்லை.

நம் குலத்துக் கொல்லரும் தச்சரும் கன்னாரும் சிற்பியரும் தட்டாரும் இன்றைக்குச் செய்யத் தக்கவை சில உண்டு. பழைய நகை அழிக்க வருமாயின், உருக்குமுன் அதனைப் படம் எடுத்தும், எடையும் வேலைப்பாடும் குறித்தும் வைக்கலாம். பாட்டனார் கையாண்ட கம்பிப்பலகையையும், அச்சுக்களையும், துலாக்கோலையும் பழைய இரும்புக்காரனுக்குப் போடாமல் ஒரு பெட்டியில் வைக்கலாம். முதியோர் வாயிலுள்ள அளவுகளையும் கலப்புக் கணக்குகளையும் அவர் இருக்கும்போதே எழுதி வாங்கலாம். செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் நாளும் பெயரும் எழுதிக் கணக்கேடு வைத்தல் வியாபாரத்திற்கும் நன்று, வருங்காலத்திற்கும் நன்று. தேரின் அச்சிலும், விளக்கின் அடியிலும், படிமத்தின் பீடத்திலும் செய்தவர் பெயரை ஒரு மூலையிற் பொறித்தல் அகந்தையாகாது. பிரெகே பொறித்தது கண்ணுக்குத் தெரியாத எழுத்து. ஆயினும் அவ்வெழுத்தே அவரைக் காத்தது.

தொழிலாளியின் நாள் குறுகியது. தொழிலின் நாள் நெடியது. இடையே நிற்கும் பாலம் நினைவு ஒன்றே. பெற்ற மகனை இழந்த சாலமன்ஸ், தமக்கு உறவல்லாத தொழிலாளி ஒருவனுடைய கைவேலைக்குத் தந்தையாய் நின்று காத்தார். உறவாயுள்ள நாமோ நம் தந்தையரின் கைவேலையைக் காவாது விடுதல் தகுமா? நம்மவர் இதனைச் சிந்தித்து ஆவன செய்வாராக. விசுவகர்மப் பிரம்மத்தின் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.